வண்டிச் சாவியும் கணக்குச் சீட்டும்

பெங்களூருவின் தெற்கு விளிம்பில், ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர் சாலையை ஒட்டி விரிந்து கிடக்கிறது பொம்மசந்திரா தொழிற்பேட்டை. மருந்து ஆலைகள், இயந்திர உதிரிபாகத் தொழிற்கூடங்கள், கிடங்குகள், அவற்றுக்கிடையே லாரி ஷெட்டுகள். 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் இங்கு வரை நீண்டபோது பொம்மசந்திராவின் பெயர் நாளேடுகளில் அடிபட்டது. அந்த மேம்பாலத் தூண்களின் கீழே இரவெல்லாம் ஊர்ந்து செல்லும் லாரிகளை ஓட்டுபவர்களைப் பற்றி எந்த நாளேடும் எழுதவில்லை. அவர்களில் பலர் கிருஷ்ணகிரி, தருமபுரி, நாமக்கல் மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். கேஏ 51 என்று தொடங்கும் வண்டியாயினும், டிஎன் 70 என்று தொடங்கும் வண்டியாயினும், அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து ஓடும் அந்த வண்டிகளின் சாவி அவர்கள் சட்டைப்பையில் இருக்கிறது. வண்டி மட்டும் அவர்களுடையதன்று.

இவர்கள் வேலைக்குச் சேரும் விதம் இயக்கத் தோழர்கள் அறிந்ததே. நியமனக் கடிதம் கிடையாது. அசல் ஓட்டுநர் உரிமத்தை வாங்கி மேசை இழுப்பறையில் பூட்டிக்கொள்ளும் முதலாளிகள் உண்டு. வேலையை விட்டு விலகும் விதம் பற்றித்தான் அதிகம் பேசப்படுவதில்லை. கடைசி டிரிப் முடிகிறது. வண்டியை ஷெட்டில் நிறுத்திவிட்டு, சாவியைச் சூப்பர்வைசர் கையிலோ, அவர் இல்லாவிடில் வாயில் காவலாளி கையிலோ கொடுத்துவிட்டு, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டுநர் ஊருக்குப் பேருந்து ஏறுகிறார். ‘வண்டியை விட்டுவிட்டுப் போ, கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதே முதலாளியின் கடைசிச் சொல். அந்த ‘அப்புறம்’ வருவதேயில்லை. ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் கிடைக்கும் பதில் வேறு: ஸ்டெப்னி டயர் மாறியிருக்கிறது, ஜாக்கியைக் காணவில்லை, டீசல் கணக்கில் குறைகிறது, ஆகவே உனக்குத் தர வேண்டியது ஒன்றுமில்லை, நீதான் தர வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. மூன்று மாதச் சம்பளமும் பேட்டாவும் நிலுவையில் நிற்க, பொறுமை இழந்த ஓட்டுநர் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவராமல் நேரே தன் ஊருக்கு ஓட்டிச் சென்று வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்கிறார். ‘பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப் போங்கள்’ என்கிறார். நியாயத்தின் கண்ணில் அவர் கேட்பது தன் உழைப்பின் விலை. சட்டத்தின் கண்ணிலோ அந்த நிமிடமே அவர் கடன் கொடுத்தவர் என்ற நிலையிலிருந்து குற்றவாளி என்ற நிலைக்கு மாறிவிடுகிறார்.

இந்த மாற்றம் எவ்வளவு எளிதாக நிகழ்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(4) பிரிவு, பணியாளர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சொத்தில் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 408ஆம் பிரிவுதான் இது. எண் மட்டும் மாறியிருக்கிறது. பிணை உரிமையாகக் கிடைக்காத குற்றம். முதலாளி காவல் நிலையத்தில் ஒரு தாளில் புகார் எழுதிக் கொடுத்தால் போதும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்தது என்று பாராமல் எந்தக் காவல் நிலையமும் இத்தகைய புகாரைப் பதிவு செய்யலாம். மறுபுறம், ஊதிய பாக்கி கேட்கும் ஓட்டுநரைப் பாருங்கள். அவர் பொம்மசந்திராவில் வேலை செய்தவர், ஓசூரில் குடியிருப்பவர், வண்டி நாமக்கல்லில் பதிவானது. எந்த மாநிலத் தொழிலாளர் துறையின் எந்த அதிகாரியிடம் மனுக் கொடுப்பது என்பதிலேயே அவருடைய ஆறு மாதங்கள் கரைந்துவிடும். புகாருக்கு மாநில எல்லை இல்லை, ஊதியத்துக்கு உண்டு. முதலாளியின் வண்டி ஒரு நாள் தாமதமானால் குற்றவியல். தொழிலாளியின் சம்பளம் ஓராண்டு தாமதமானால் வெறும் கணக்குத் தகராறு.

நம்பிக்கை மோசடி என்ற சொல்லையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். நம்பி ஒப்படைத்த பொருளை அடைக்கலப் பொருள் என்பது தமிழ் வழக்கு. ஒரு லாரியை ஓட்டுநரிடம் ஒப்படைப்பது முதலாளி வைக்கும் நம்பிக்கை என்றால், முப்பது நாள் உழைப்பை முன்கூட்டியே கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் கூலிக்குக் காத்திருப்பது தொழிலாளி வைக்கும் நம்பிக்கை. முதலாவதை மீறினால் ஏழு ஆண்டுச் சிறை. இரண்டாவதை மீறினால் அதைக் குறிக்க ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. தொழிலாளி தன் உழைப்புச் சக்தியை முதலாளிக்குக் கடனாகவே கொடுக்கிறான் என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியிலேயே விளக்கியிருக்கிறார். பொம்மசந்திராவின் ஷெட்டுகளில் அந்தக் கடன் ஏட்டில் ஏறுவதில்லை என்பதுதான் இன்றைய நிலைமை. வேற்றூருக்குப் பிழைக்கச் சென்றவன்மீது திருட்டுப் பழி விழுந்தால், உண்மையில் திருடியவனின் சொல்லே சாட்சியாகி, விசாரணையின்றியே தண்டனை முடிந்துவிடும் என்பதைச் சிலப்பதிகாரம் படித்த எவரும் அறிவர். அங்கே சான்று அவைக்கு வந்தது உயிர் போன பிறகு.

ஆகவேதான், வேலையை விட்டு விலகும் ஓட்டுநர் வண்டியை முறையாகத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று கூறுவது முதலாளிக்குச் சாதகமான அறிவுரை அன்று. அது தொழிலாளியின் தற்காப்பு. சில தோழர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கக்கூடும்: ஒழுங்காகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்வதற்கு ஒரு தொழிலாளி வர்க்கப் பத்திரிகை எதற்கு, அதை முதலாளிகள் சங்கமே சொல்லிவிடுமே என்று. சாவியைக் கொடு என்பதோடு முதலாளிகள் சங்கம் நிறுத்திக்கொள்ளும். சாவிக்குச் சீட்டு வாங்கு, சீட்டோடு கணக்கை முடி, கணக்கோடு உரிமத்தைத் திரும்பப் பெறு என்பதை அது ஒருபோதும் சொல்லாது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

சாவியைப் பிடித்துவைப்பதே போராட்டம் என்று கருதுவோர்க்கு ஜெர்மனியின் கிரேஃபன்ஹவுசன் ஒரு பாடம். 2023 மார்ச் இறுதியில், டார்ம்ஸ்டாட் நகரருகே நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் அறுபதுக்கும் மேற்பட்ட லாரிகள் வரிசையாக நின்றன. ஓட்டியவர்கள் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். வண்டிகள் போலந்து நாட்டு முதலாளி ஒருவருக்குச் சொந்தமானவை. வாரக்கணக்கில் ஊதியம் வராததால் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டு, பணம் வந்தால்தான் சாவி என்றனர். புனித வெள்ளியன்று முதலாளி ஒரு தனியார் பாதுகாப்புப் படையையும் கவச வாகனத்தையும் அழைத்துக்கொண்டு வண்டிகளைப் பறிக்க வந்தார். காவல்துறை தலையிட்டு வந்தவர்களைக் கைது செய்தது. ஏப்ரல் இறுதியில் ஏறத்தாழ மூன்று லட்சம் யூரோ நிலுவை முழுவதும் ஓட்டுநர்கள் கைக்கு வந்தது. அதன் பின்னரே வண்டிகள் திருப்பி அளிக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் அதே நிறுவனத்துக்கு எதிராக நூற்றுக்கும் மேற்பட்டோர் மீண்டும் நின்றனர்; இம்முறை அவர்கள் மிரட்டிப் பணம் பறிப்பதாக முதலாளி குற்றப் புகாரே கொடுத்தார். உண்ணாவிரதம் வரை சென்று, செப்டம்பர் இறுதியில்தான் அந்தப் போராட்டம் வென்றது.

அது ஏன் வென்றது? அறுபது பேர் ஒன்றாக நின்றார்கள். எல்லோர் கண்ணும் படும் பொது இடத்தில் நின்றார்கள். ஜெர்மன், டச்சுத் தொழிற்சங்கங்கள் அவர்களோடு நின்றன. பேச்சுவார்த்தை நடத்தத் தொழிற்சங்கப் பிரதிநிதி இருந்தார். பத்திரிகையாளர்கள் நாள்தோறும் வந்தார்கள். இவற்றில் ஒன்றும் இல்லாமல், ஒரே ஓர் ஓட்டுநர், சூளகிரிக்கு அப்பால் ஒரு கிராமத்தில், புளியமரத்தடியில் முதலாளியின் வண்டியை நிறுத்திவைத்திருந்தால் அதற்குப் பெயர் வேலைநிறுத்தம் அன்று. அறுபது பேர் செய்வதைத் தனி ஒருவர் செய்யும்போது சட்டம் அதை வேறு பெயரால் அழைக்கும். அதற்கு விடை சொல்ல வழக்கறிஞர் கட்டணமாகவே நிலுவைச் சம்பளம் போய்விடும். பழுதுபார்க்கும் மெக்கானிக்குக்குத் தன் கூலி வரும்வரை வண்டியை நிறுத்திவைக்கும் உரிமையை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் தருகிறது. அதே வண்டியை ஆண்டு முழுவதும் ஓட்டிய பணியாளருக்கு அந்த உரிமை கிடையாது. அநீதிதான். ஆனால் அநீதியை அறியாமல் அதன் மீது போய் மோதுவது வீரம் ஆகாது.

இனி, கணக்கு எங்கே சிக்குகிறது என்று பார்க்கலாம். பெரும்பாலான ஷெட்டுகளில் டிரிப்புக்கு முன் ஒரு தொகை அட்வான்ஸாகத் தரப்படுகிறது. டீசல், சுங்கம், ஏற்றுகூலி, இறக்குகூலி, சாப்பாடு எல்லாம் அதிலிருந்து. பாஸ்டேக்கும் எரிபொருள் அட்டையும் வந்த பின்னர் ரொக்கச் செலவு குறைந்திருக்கிறது; ஒன்று மட்டும் குறையவில்லை. வழியில் கை நீட்டுவோர்க்குக் கொடுக்கும் மாமூல். லாரித் தொழிலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 48,000 கோடி ரூபாய் இப்படிப் போகிறது என்று சேவ்லைஃப் அறக்கட்டளை 2020இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. மாமூலுக்கு ரசீது ஏது? வேலையில் இருக்கும்வரை முதலாளி அதைக் கண்டும் காணாமல் கணக்கில் ஏற்றுக்கொள்கிறார். விலகும் நாளில், ரசீது இல்லாத ஒவ்வொரு ரூபாயும் ஓட்டுநரின் கடனாகிவிடுகிறது. அரசு அலுவலர் வாங்கிய லஞ்சத்தை இறுதியில் தொழிலாளியின் சம்பளம் அடைக்கிறது.

டீசலை வழியில் விற்பவர்களும், நல்ல டயரைக் கழற்றித் தேய்ந்ததை மாட்டுபவர்களும் ஓட்டுநர்களிடையே அறவே இல்லை என்று சாதிக்க வேண்டியதில்லை. இருக்கிறார்கள். அவர்களுடைய செயலுக்கான விலையை அடுத்து அந்த வண்டியில் ஏறும் இன்னொரு தொழிலாளியே கொடுக்கிறார். முறையான ஒப்படைப்பு அவரையும் காக்கும்.

முதலாளி என்று சொல்லும்போது எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. நூற்றுக்கணக்கான வண்டிகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் ஒருபுறம். இரண்டு, மூன்று வண்டிகளை வைத்துக்கொண்டு மாதத் தவணைக்கு மூச்சு வாங்கும் முன்னாள் ஓட்டுநர்கள் மறுபுறம். தவணை தவறினால் நிதி நிறுவனத்தின் சீசிங் ஆட்கள் நடுவழியில் வண்டியை மடக்குகிறார்கள். கடன் வசூலுக்கு அடியாட்களைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு லாரிக் கடன் வழக்கிலேயே 2007இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சாலையில் அந்தத் தீர்ப்பை யாரும் படிப்பதில்லை. அப்போது ஸ்டியரிங்கில் இருப்பவர் சம்பளத் தொழிலாளி. அவரிடமிருந்து வண்டியைப் பறித்தவர்கள் சீட்டு எதுவும் தராமல் போய்விட்டால், வண்டி எங்கே என்று உரிமையாளர் கேட்பது அவரிடம்தான். சிறு உரிமையாளரும் நிதி மூலதனத்தால் நசுக்கப்படுகிறார் என்பது உண்மை. அந்த நசுக்கலைத் தன் ஓட்டுநர்மீது இறக்கிவைக்க அது அனுமதிச் சீட்டாகாது.

சட்டம் முழுவதும் வெறும் சுவர் அன்று. அதில் சில கதவுகளும் உண்டு. ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைப்படுத்திய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து இடதுசாரித் தொழிற்சங்கங்கள் போராடி வருவது சரியானதே. போக்குவரத்துத் துறையை எடுத்துக்கொண்டாலே காரணம் புரியும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கே பொருந்தியது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வரையறுத்தது. அதன் இடத்துக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, வரம்பைப் பத்துப் பேராக உயர்த்தியது. பொம்மசந்திராவின் சிறிய ஷெட்டுகள் பலவும் ஒரே வரியில் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டன. தொகுப்புகள் திரும்பப் பெறப்பட வேண்டும். அதுவரை, ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் தொழிலாளிக்குப் பயன்படும் வரிகளைப் பயன்படுத்தாமல் விடுவதும் தவறு.

அச்சட்டத்தின் 17(2) பிரிவின்படி, வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கு மட்டுமன்றி, தாமாக விலகியவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதிய நிலுவையைக் கொடுத்தாக வேண்டும். பழைய 1936ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த விதி முதலாளி நீக்கிய தொழிலாளியைப் பற்றி மட்டுமே பேசியது. ஒப்படைக்கப்பட்ட பொருளுக்குச் சேதம் அல்லது இழப்பு என்று பிடித்தம் செய்வதானால், அது தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக ஏற்பட்டதாக இருக்க வேண்டும். உண்மையான இழப்புக்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது. பிடிப்பதற்கு முன் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும். நிலுவைக்காக மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். தொழிலாளி உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற தொழிற்சங்கமே அவர் சார்பில் மனுச் செய்யலாம். ஊதியம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. கடைசியாகச் சொன்ன இந்த வரி, சீட்டு ஏதுமில்லாமல் வேலை செய்யும் ஓட்டுநருக்குப் பெரிய ஆயுதம். ஆனால் ‘அவன் வேலையை விட்டு ஓடிப்போனான், வண்டியை ஒப்படைக்கவேயில்லை’ என்று முதலாளி சொல்ல இடம் இருக்கும்வரை அந்த ஆயுதம் மழுங்கியே இருக்கும்.

‘ஓடிப்போனவன்’ என்ற சொல்லின் வலிமை வளைகுடாவுக்குச் சென்று வந்த தமிழ் ஓட்டுநர்களுக்குத் தெரியும். சவூதி அரேபியாவில் முதலாளி ‘ஹுரூப்’ என்று ஒரு புகாரைப் பதிவு செய்தால், அதாவது இவன் தப்பி ஓடியவன் என்று அறிவித்தால், தொழிலாளியின் வசிப்புரிமையே சட்டவிரோதமாகிவிடும். 2021 மார்ச்சில் அங்கு நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சீர்திருத்தமும் வீட்டு ஓட்டுநர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இங்கே அந்தப் பெயரில் சட்டம் இல்லை, பழக்கம் இருக்கிறது. அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பதையும் ஊதியத்தை நிறுத்திவைப்பதையும் கட்டாய உழைப்பின் அடையாளங்களாகச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு வகுத்திருக்கிறது. மேசை இழுப்பறையில் கிடக்கும் அசல் உரிமம் அந்த அடையாளங்களில் ஒன்றே. 2020 மார்ச்சில் பொது முடக்கம் அறிவிக்கப்பட்டபோது நெடுஞ்சாலைகளில் சிக்கிய லாரிகளிலிருந்து ஓட்டுநர்கள் இறங்கி நடக்கத் தொடங்கினார்கள். வண்டியை அனாதையாக விட்டுப் போனார்கள் என்று முதலாளிகள் குறைபட்டார்கள். சோறும் தண்ணீரும் இல்லாமல் அனாதையாக விடப்பட்டவர் யார் என்ற கேள்வி அன்று எழவில்லை.

ஒப்படைப்புச் சீட்டு என்பது பெரிய ஆவணம் அன்று. ஒரு தாள், இரண்டு பிரதி. நாள், நேரம், கிலோமீட்டர் எண், டேங்கில் உள்ள டீசல், ஸ்டெப்னி உட்பட ஒவ்வொரு டயரின் எண், ஜாக்கி, தார்ப்பாய், கயிறு; ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், எஃப்.சி.; எரிபொருள் அட்டை. சரக்கு ஏற்றிய நிலையில் ஒப்படைக்க நேர்ந்தால் சீல் எண்ணும் இ-வே பில்லும். சரக்கு இறக்கியதற்குக் கையொப்பம் பெற்ற லாரி ரசீதுகளின் எண்ணிக்கை. கையில் உள்ள தொலைபேசியாலேயே வண்டியை நான்கு புறமும் படம் எடுத்து அன்றே முதலாளியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட வேண்டும். நேரம் தானாகப் பதிந்துவிடும். ஒப்படைக்கும் இடம் ஷெட்டாக இருக்க வேண்டும். சாலையோர தாபாவோ பெட்ரோல் பங்கோ கூடாது. கையெழுத்திட மறுத்தால், அதே விவரங்களை அன்றே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தலாம். சங்கத் தோழர் ஒருவர் உடன் சென்றால் பெரும்பாலும் மறுப்பு வராது.

நேரத்தைக் குறிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. பலர் இதை நினைப்பதில்லை. ஒரு வண்டி மீது போக்குவரத்து விதிமீறல் குற்றச்சாட்டு வந்தால், அப்போது ஓட்டியவர் யார் என்று தெரிவிக்க வேண்டிய கடமையை மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவு உரிமையாளர்மீது சுமத்துகிறது. விலகிப் போன ஓட்டுநரின் உரிம எண் ஏட்டில் இருக்கிறது; அவர் எதிரில் இல்லை. பெயரைச் சொல்வது எளிது. 18ஆம் தேதி மாலை ஆறு மணிக்கே அந்த வண்டி அவர் கையை விட்டுப் போய்விட்டது என்று காட்ட அந்த ஒரு தாளைத் தவிர அவரிடம் வேறெதுவும் இருக்காது.

ஆகவே ஆனேக்கல் வட்டாரத்தில் இயங்கும் தொழிற்சங்கத் தோழர்கள் இந்தச் சீட்டை அச்சிட்டு ஷெட்டுகளிலும் எல்லையோரத் தேநீர்க் கடைகளிலும் கிடைக்கச் செய்வது பயனுள்ள வேலை. ஓசூர்ப் பகுதித் தோழர்களும் இதில் கைகோக்கலாம். மனு ஒரு மாநிலத்திலும் மனுதாரர் இன்னொரு மாநிலத்திலும் இருக்கும்போது இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் அச்சிட வேண்டும். பொம்மசந்திராவின் ஷெட்டுகளில் இன்று இந்த மூன்று மொழிகளும் கலந்தே ஒலிக்கின்றன, முதலாளி கையெழுத்திடும் மொழியும் ஓட்டுநர் படிக்கும் மொழியும் ஒன்றாக இருப்பதில்லை. மூன்று வாசகத்திலும் ‘ஒப்படைத்தேன்’ என்ற வரிக்கு எதிரே ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி இருக்க வேண்டும். அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள்: திருப்பிக் கொடுக்கப்பட்ட அசல் உரிமத்தின் எண், கொடுக்க வேண்டிய ஊதிய நிலுவை. இரண்டாவது கட்டம் காலியாக இருக்கும்போது ஓட்டுநர் கையெழுத்திடக் கூடாது என்று அச்சிலேயே போட்டுவிடலாம்.